மருமகன் வேண்டாமென்ற தராசு: ஒன்பது மாதம் வைத்துப் பார்த்தபின்

சிகரெட் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் தராசு. 50 கிராம் வரை தாங்கும், 0.001 கிராம் வரை காட்டும் என்று மூடியில் எழுதியிருக்கிறது. இதே சாமான் இணையத்தில் நான்கைந்து பெயர்களில் 60 வெள்ளியிலிருந்து (மலேசிய ரிங்கிட்) 90 வெள்ளி வரை விற்கிறது. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை மாதிரி இருப்பதால் பெயர் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்கு இது சும்மா வந்தது. போன வருடம் மகளைப் பார்க்க நியூசிலாந்துக்குப் போயிருந்தபோது, “மாமா, இது எனக்கு உதவாது. உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க” என்று மருமகன் நீட்டினார். தராசு என்றால் நான் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. பெட்டியில் வேட்டிக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் ஆள். பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ரப்பர் பால் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் ஆய்வு அறையில் இருந்தேன். ரப்பர் மரத்தையெல்லாம் வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டபின் ஈப்போ பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. இரண்டிலும் நாள் முழுக்கச் செய்தது ஒரே காரியம்தான்: நிறுப்பது, எழுதுவது, மறுபடி நிறுப்பது. அதனால் இந்த விமர்சனம் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். அவசரக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உண்டிவில் உருண்டை, ரப்பர் பட்டை, பெண்டாட்டியின் சங்கிலி, இதற்கெல்லாம் தாராளமாக வாங்கலாம். வீட்டில் தோட்டா கட்டத் துப்பாக்கி மருந்து நிறுக்க வாங்க வேண்டாம்.

இரண்டாவதாகச் சொன்னது நம் ஊரில் யாருக்கும் தேவையே இல்லாத அறிவுரை. இங்கே உரிமமில்லாமல் ஆயுதமோ தோட்டாவோ செய்வது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். செம்பனைக் கன்றைத் தோண்டித் தின்கிற காட்டுப்பன்றிக்காக உரிமம் வாங்கித் துப்பாக்கி வைத்திருக்கிற ஒருவரை எனக்குத் தெரியும். அவரும் கடையில் தோட்டாவை எண்ணி வாங்கி, எண்ணி வைத்து, எண்ணிக் கணக்குச் சொல்கிறவர். நியூசிலாந்தில் வீட்டில் உட்கார்ந்து தோட்டா கட்டுகிறார்கள் என்று நான் சொன்னபோது, “அங்கே அதுக்குக் கடை வேற இருக்கா?” என்று வாயைப் பிளந்தார். இருக்கிறது. துப்பாக்கி உரிமத்தைக் காட்டினால் மருந்து விற்கிறார்கள்.

மருமகன் இருப்பது தென்தீவின் தெற்குக் கோடியில், சவுத்லாந்தில். பால் பண்ணையில் வேலை. நம் பால் இல்லை, மாட்டுப் பால். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் அங்கே செம்மான்கள் துணை தேடிக் கத்துகிற பருவம், அவர் வேட்டைக்குப் போகிற நேரம். அதற்கு இரண்டு மாதம் முந்தியே கராஜில் அவருடைய வேலை தொடங்கிவிடும். குளிருக்குப் பயந்து ஹீட்டர் பக்கத்தில் முக்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். அவர் தன் பாட்டுக்குச் செய்துகொண்டிருப்பார்.

செய்வதைப் பார்த்தால் மலைப்பாக இருக்காது, பொறுமைதான் வேண்டும். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைச் சுத்தம் செய்து, அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார். அடியில் புது ப்ரைமர், அடிபட்டால் பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கிற சின்னக் குப்பி. உள்ளே எடை பார்த்த மருந்து. மேலே குண்டை வைத்து, எவ்வளவு ஆழம் இறங்கவேண்டுமோ அவ்வளவு இறக்குகிறார். முந்நூற்றெட்டு என்று அவர் சொல்கிற .308 வின்செஸ்டர் துப்பாக்கிக்கு. கடையில் விற்கிற தோட்டாவே மானைக் கொல்லும்தானே என்று கேட்டேன். கொல்லும், ஆனால் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு ருசி உண்டு, இந்தக் குழாய்க்கு எது பிடிக்கிறது என்று கண்டுபிடித்தால் முந்தின குண்டு போன இடத்துக்கே அடுத்ததும் போகும் என்றார். மானை நொண்ட விடாமல் ஒரே அடியில் விழவைக்கவேண்டும் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

அந்த ருசியைக் கண்டுபிடிக்கிற முறைதான் எனக்குப் பிடித்துப்போனது. மருந்துத் தயாரிப்பாளர் போடுகிற கையேட்டில் தொடங்கும் அளவு ஒன்று, தாண்டக்கூடாத அளவு ஒன்று இருக்கும். கீழிருந்து தொடங்கி, படிக்கு 0.3 கிரெய்ன் (சுமார் 19 மில்லிகிராம்) கூட்டி, ஒவ்வொரு படிக்கும் சில தோட்டாக்கள் கட்டுகிறார். 100 மீட்டரில் தாளில் சுட்டு, எந்தப் படியில் துளைகள் நெருங்கி விழுகின்றன என்று அளக்கிறார். ப்ரைமர் தட்டையாகிவிட்டதா, துப்பாக்கியின் பின்பக்கத்தைப் பூட்டுகிற போல்ட் திறக்க முரண்டு பிடிக்கிறதா என்று ஒவ்வொரு படியிலும் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அப்படி இருந்தால் அழுத்தம் எல்லை தாண்டுகிறது, கையேட்டில் என்ன போட்டிருந்தாலும் அங்கே நிறுத்து என்று அர்த்தமாம். மருந்தை மாற்றுகிற வாரத்தில் குண்டின் ஆழத்தைத் தொடமாட்டார். ஆழத்தை மாற்றுகிற வாரத்தில் மருந்தைத் தொடமாட்டார். எங்கள் ஆய்வு அறைக்கு இப்படி ஒரு பையன் கிடைத்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் மூன்று துளைகள் ஒரே நாணயத்துக்குள் அடங்கின. நான் கைதட்டிவிட்டேன். “மூணு குண்டை நம்பாதீங்க மாமா, அது அதிர்ஷ்டத்திலயும் வரும்” என்று சொல்லிவிட்டு அதே அளவில் இன்னும் ஏழு கட்டிச் சுட்டார். பத்தும் சேர்ந்தபோது நாணயம் சாஸர் ஆகிவிட்டது.

இப்போது தராசுக்கு வருகிறேன். கிரெய்ன் என்பது வாற்கோதுமை மணியிலிருந்து வந்த எடை. ஒரு பவுண்டில் 7000. நம் கணக்கில் 64.8 மில்லிகிராம். தட்டான்களின் குன்றிமணி மாதிரிதான். வீட்டுக்கு வந்தபின் பழைய டப்பாவிலிருந்த பத்துக் குன்றிமணிகளை இந்தத் தராசிலேயே போட்டேன். 1.127 கிராம் காட்டியது. அதாவது என்னிடம் இருக்கிற ஒரு குன்றிமணி ஒன்றே முக்கால் கிரெய்னுக்குக் கிட்டத்தட்ட வருகிறது. (சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் குன்றிமணியை வைக்காதீர்கள், உள்ளே நஞ்சு.) மருமகன் கட்டுகிற தோட்டாவில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள வித்தியாசம், 0.3 கிரெய்ன், ஒரு குன்றிமணியில் ஆறில் ஒரு பங்கு. அதை இந்தப் பெட்டி நிறுக்குமா என்பதுதான் கேள்வி.

நிறுக்கும். நிறுத்துவிட்டு மனதை மாற்றிக்கொள்ளும்.

கூடவே வந்த 20 கிராம் எடைக்கல்லை வைத்து நான் எழுதிவைத்த குறிப்பு இது. காலை ஏழு மணி, ஜன்னல் சாத்தியாயிற்று, விசிறி இல்லை. போட்டவுடன் அளவு சரிபார்த்தேன், 20.000. ஐந்து நிமிடம் கழித்து 20.006. பத்தாவது நிமிடம் 20.011. பதினைந்தில் 20.017. இருபதில் 20.019, அதன்பிறகு அங்கேயே நின்றது. மேலே விசிறியை ஒன்றில் வைத்தேன். கடைசி இரண்டு எண்களும் சாமி வந்தவர் மாதிரி ஆட ஆரம்பித்தன. பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்தால் அடங்குகிறது. கைபேசியைப் பக்கத்தில் வைத்திருந்தபோது ஒரு அழைப்பு வந்தது. எண் 0.030 தாவித் திரும்பியது.

உள்ளே இருப்பது ஒரு உலோகத் துண்டு, அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பிப் பட்டை. சுமை ஏறினால் உலோகம் மயிரிழை வளையும், பட்டையின் மின்தடை மாறும், அதை எண்ணாக்கிக் காட்டுகிறது. சூடேறினாலும் அதே உலோகம் அசையும். ஆகவே இது கெட்டுப்போன தராசு இல்லை. இந்த விலைக்கு இந்தச் சாதியே இப்படித்தான். இருபது நிமிடம் போட்டுவைத்துவிட்டு, அதன்பிறகு எடைக்கல்லை வைத்துச் சரிசெய்துவிட்டு ஆரம்பித்தால் குறை பாதியாகிறது. கையேட்டில் இதைப்பற்றி ஒரு வரியும் கிடையாது. கையேடு என்பதே தபால்தலை அளவுத் தாள்.

20.019 என்றால் 19 மில்லிகிராம் பிசகு. மருமகன் கணக்கில் அது 0.3 கிரெய்ன். அவருடைய சோதனையின் ஒரு படி முழுக்க. முதல் தோட்டாவை நிறுக்கும்போது ஐந்தாம் படி, இருபதாவது தோட்டாவை நிறுக்கும்போது தெரியாமலே நான்காம் படியோ ஆறாம் படியோ. அப்புறம் தாளில் துளைகளைப் பார்த்து எதை ஆராய்வது? எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும்போது இது வெறும் குறி தவறுகிற விஷயம்கூட இல்லை, முகத்துக்கு அருகில் வெடிக்கிற விஷயம்.

அதைவிட மோசமான குறை ஒன்று. அவர் கராஜில் காட்டியதை இங்கே அடுப்படியில் மஞ்சள் தூளை வைத்துச் செய்து பார்த்தேன். தட்டில் இரண்டு கிராம் தூள். அதற்குமேல் கத்தி நுனியால் ஒரு சிட்டிகையிலும் பத்தில் ஒரு பங்காகத் தட்டித் தட்டி விட்டேன். எண் 2.004இல் நின்றது. தூள் விழுகிறது, கண்ணால் பார்க்கிறேன், எண் அசையவில்லை. பன்னிரண்டு முறை தட்டியபின் தட்டை எடுத்துத் திரும்ப வைத்தேன். 2.021. எண் ஆடாமல் நிற்கவேண்டும் என்பதற்காக உள்ளே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். மெதுவாக ஏறுகிற எடையை அது வெறும் நடுக்கம் என்று எண்ணி விழுங்கிவிடுகிறது. மருந்து நிறுக்கிறவர்கள் கடைசிச் சில மணிகளை ஒவ்வொன்றாகத்தான் விடுவார்கள். அந்த வேலைக்கு இப்படி ஒரு தராசு!

மருமகன் இப்போது வைத்திருப்பது பழைய அமெரிக்கத் துலாக்கோல். ஆர்.சி.பி.எஸ். 10-10 என்று பெயர், 1010 கிரெய்ன் வரை நிறுக்கும். மின்சாரமும் வேண்டாம், சூடேறவும் தேவையில்லை. கோல் ஆடி அடங்கக் காந்தம் உதவுகிறது. கத்தி முனையில் நிற்கிற கோலுக்கு மனதை மாற்றிக்கொள்ளத் தெரியாது. எங்கள் ஆய்வு அறையிலும் முதலில் துலாத் தராசுதான், கண்ணாடிப் பெட்டிக்குள். அதனாலோ என்னவோ, அந்தக் கராஜில் அதைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். என் அம்மா பால் மரம் சீவியவர். ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய், மர வரிசையான நிரைக்குப் போய், மதியம் வாளியோடு ஸ்டோருக்கு வருவார். பாலின் எடையைப் பார்த்துக் கணக்கெழுத முடியாது, அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீரும் மற்றதும்தான். காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்க்கவேண்டும். அதைத்தான் நான் பின்னாளில் செய்தேன். 10 கிராம் பாலை நிறுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, தட்டையாக உருட்டிக் கழுவி, 70 டிகிரி அடுப்பில் காயவைத்து, மறுபடி நிறுப்போம். 3.30 கிராம் வந்தால் 33 விழுக்காடு. அந்த 3.30 என்பது 3.25 ஆனால் ஆளுக்கு நூறு கிலோவுக்கு அரைக் கிலோ போயிற்று. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால், அந்தத் தோட்டத்தில் தராசு எப்போதும் கம்பெனிப் பக்கம்தான் சாயும் என்று லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பேச்சு. அம்மாவும் சொல்வார். சேர்ந்த முதல் வாரத்தில் எடைக்கல்லை வைத்துப் பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. பெரிதாக இல்லை. தோட்டத் தலைமை எழுத்தரான பெரிய கிராணியிடம் சொன்னேன், ஆள் வந்து பார்ப்பார்கள் என்றார். வந்தார்கள், ஐந்து மாதம் கழித்து. அதுவரை நான் ஒவ்வொரு எண்ணிலும் அந்தப் பிசகைக் கூட்டியே எழுதினேன். யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எந்தத் தராசைப் பார்த்தாலும், பிசகு எவ்வளவு என்று கேட்பதற்கு முன் எந்தப் பக்கம் என்றுதான் கேட்பேன். இந்தக் கறுப்புப் பெட்டி என் வீட்டில் எப்போதும் மேல்பக்கம்தான் நகர்கிறது. அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சரி, உண்டிவில்லுக்கு வருவோம். பேரன் இதை லாஸ்திக் என்கிறான். நாங்களும் லயத்தில் அப்படித்தான் சொன்னோம். கொய்யாக் கவையில் செய்தது. பறவை பக்கம் திருப்புவதில்லை, வனவிலங்குச் சட்டம் ஒருபுறம் இருக்க, எனக்கே மனம் வராது. வீட்டுக்குப் பின்னால் பழைய போர்வைகளைத் தொங்கவிட்ட ஒரு பெட்டி, அதற்குள் மைலோ டின் மூடி, 10 மீட்டர் தூரம். கண்ணுக்குக் கண்ணாடி, எனக்கும் பேரனுக்கும்.

இரும்புக் குண்டுதான் சுலபம். கடைத்தெருவில் பேரிங் விற்கிற தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) 8 மில்லிமீட்டர் குண்டு நூறு வாங்கினேன். நூறையும் நிறுத்தேன். தவுக்கே விரட்டவில்லை, அவர் கடையிலேயே உட்கார்ந்து முதல் இருபதை நிறுத்தபோது ஒரு கோப்பி வேறு வாங்கிக் கொடுத்தார். எல்லாம் 2.09க்கும் 2.10க்கும் நடுவில். பேரிங்குக்கென்றே செய்த குண்டு, அதில் குறை கண்டுபிடிக்க இந்தத் தராசுக்குத் தகுதி இல்லை. குண்டுக்கும் குண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிடத் தராசின் ஆட்டம் பெரிது.

ஆனால் இரும்பு திரும்பி வரும். ஒருமுறை பெட்டியின் விளிம்பில் பட்டுத் துணி காய்கிற கம்பியைத் தாண்டிப் போயிற்று. அதோடு வீட்டில் தடை. அதனால் மண் உருண்டை. செம்பனை நிரைகளில் புற்று மண் கிடைக்கும், சலித்துப் பிசைந்தால் வழவழவென்று வரும். சின்ன வயதில் தகரக் கூரையில் காயவைப்போம், இப்போது பழைய முறம். கையால் உருட்டினது ஐம்பதை நிறுத்துப் பார்த்தேன். மிகச் சின்னது 1.9 கிராம், மிகப் பெரியது 2.9. பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. என் கண்ணைப்பற்றி எனக்கு இருந்த கர்வம் அன்றைக்குப் போயிற்று.

இது எவ்வளவு படுத்தும் என்று கணக்குப் போட்டேன். விடுகிற சத்தத்தையும் டின் சத்தத்தையும் பேரன் கைபேசியில் பதிந்தான். இடைவெளி 0.21 நொடி. டின் சத்தம் 10 மீட்டர் திரும்பி வருகிற நேரம் 0.03 போனால் 0.18 நொடி. நொடிக்கு 55 மீட்டர் வேகம். அந்த நேரத்தில் உருண்டை ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் கீழே விழுந்துவிடும். ஒரே பட்டை, ஒரே இழுப்பு என்றால் கொடுக்கிற சக்தி ஒன்றுதான். கனமான உருண்டை மெதுவாகப் போகும், கூடுதலாக விழும். எடை எத்தனை விழுக்காடு கூடுகிறதோ விழுவதும் கிட்டத்தட்ட அத்தனை விழுக்காடு கூடும். 1.9க்கும் 2.9க்கும் நடுவில் ஆறேழு சென்டிமீட்டர் வித்தியாசம். மைலோ மூடியில் பாதி.

ஆகவே ஈர மண்ணை 3 கிராம் 3 கிராமாக நிறுத்து உருட்ட ஆரம்பித்தேன். காய்ந்தபின் 2.4க்கு வரும். மறுபடி நிறுத்து 2.35க்குக் குறைந்ததையும் 2.45க்குக் கூடினதையும் தனி டப்பாவில் போட்டேன். அவை பேரனுக்கு. கையால் உருட்டினதில் முப்பது, நிறுத்துப் பொறுக்கினதில் முப்பது, இரண்டு நாள் மாற்றி மாற்றி அடித்தேன். மேலும் கீழும் சிதறியது 19 சென்டிமீட்டரிலிருந்து 12க்கு வந்தது. பக்கவாட்டில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

இந்த வேலையில் தராசு 20 மில்லிகிராம் பிசகினால் என்ன? நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. டின்னில் ஒன்றரை மில்லிமீட்டருக்குள். என் கை நடுங்குவது அதைவிட எண்பது மடங்கு. மருமகனுக்கு ஒரு படியையே விழுங்கின அதே பிசகு எனக்குக் கொசுவுக்கும் சமானம் இல்லை. ஆளைப் பொறுத்து மூன்று நட்சத்திரமோ நான்கோ எப்படிக் கொடுப்பது என்று எனக்குப் புரியவில்லை. மருமகனைக் கேட்டால் ஒன்று, என்னைக் கேட்டால் நாலரை.

பக்கவாட்டுச் சிதறலைத் தீர்த்ததும் இதே தராசுதான், நான் எதிர்பாராத இடத்தில். ஒருநேரத்தில் ஒன்றைத்தான் மாற்று என்ற மருமகனின் முறைப்படி, உருண்டையை அப்படியே வைத்துக்கொண்டு பட்டையைப் பார்த்தேன். 0.7 மில்லிமீட்டர் தடிப்புள்ள ரப்பர் தகட்டைப் பேரன் இணையத்தில் வரவழைத்திருந்தான். உறையில் சீனா என்று போட்டிருந்தது. 1877இல் நட்ட ரப்பர் மரம் இன்றைக்கும் கோலகங்சாரில் நிற்கிறது, இங்கிருந்து அரைமணி நேரம்கூட இல்லை. அந்த ஊருக்குப் பக்கத்து ஊருக்குச் சீனாவிலிருந்து தபாலில் ரப்பர்! சரி, அது வேறு வயிற்றெரிச்சல்.

தகட்டை ஸ்கேல் வைத்து, அடியில் 20 மில்லிமீட்டர், நுனியில் 12 என்று சரிவாக வெட்டி, இரண்டு பக்கமும் கட்டியிருந்தேன். கண்ணுக்கு இரண்டும் அண்ணன் தம்பி. கழற்றி நிறுத்தேன். இடது 1.92, வலது 1.79. ஏழு விழுக்காடு. ஒரு பக்கம் பலமாக இழுத்தால் பை நேராக வராது, விடும்போது உருண்டையை ஓரத்தில் தள்ளும். வெட்டியது கோணல் இல்லை, தகடே ஒரு ஓரத்தில் மெலிந்திருந்தது. கையுறை வேலையில் இதைத்தான் பதினைந்து வருடம் தேடினேன், என் சொந்த லாஸ்திக்கில் தேடவில்லை. பத்துப் பட்டைகள் வெட்டி எல்லாவற்றையும் நிறுத்து, 1.87, 1.87, 1.90, 1.91 என்று சோடி சேர்த்தேன். கல்யாணத் தரகர் மாதிரி. அதோடு பக்கவாட்டுச் சிதறல் 11லிருந்து 8க்கு இறங்கியது. மீதி எட்டு என் கட்டைவிரல், அதற்கு எந்தக் கடையிலும் தராசு இல்லை.

இந்த வேலைக்குத்தான் தராசு பிறந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஒன்றுக்கொன்று ஒப்பிடுவதுதான் நோக்கம், அடுத்தடுத்த நிமிடத்தில் நிறுப்பதால் நகர்வது தெரியாது. மண் உருண்டை பொறுக்கும்போதும் அப்படித்தான், பத்துக்கு ஒருமுறை எடைக்கல்லை வைத்துப் பார்த்தால் போதும். எடைக்கல் இல்லையென்றால் புது 50 காசு நாணயம் இருக்கிறது, 5.66 கிராம் வரவேண்டும். பளபளப்பான நாணயமாகப் பார்த்து ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கோப்பிக்கடையில் கொடுத்துவிடாதீர்கள். நான் ஒருமுறை கொடுத்துவிட்டேன்.

வீட்டில் இதற்கு மரியாதை வந்தது வேறு காரணத்துக்காக. மனைவியின் சங்கிலியில் கொக்கி விட்டுப்போய்த் தட்டானிடம் கொடுக்கவேண்டியிருந்தது. போகும் முன் நான் நிறுத்துக் குறித்தேன், 23.94. தட்டான் தராசில் 23.92. திரும்பி வந்தபோது இரண்டிலும் 24.01, புதுக் கொக்கிக்கு ஏறிய எடை. “பரவாயில்லையே, இது பொய் சொல்லாத பெட்டிதான்” என்றாள். இருபது நிமிடம் சூடேற்றியபின் பொய் சொல்லாது என்று திருத்தினேன். அவள் காதில் வாங்கவில்லை. இப்போது அதிரசத்துக்கு ஏலக்காய்ப் பொடிகூட அதில்தான் நிறுக்கப்படுகிறது, ஆய்வு அறையில் இதைச் செய்திருந்தால் வேலை போயிருக்கும்.

மற்ற விஷயங்கள் வேகமாக. மூன்று-ஏ (AAA) மின்கலம் இரண்டு, தினம் அரைமணி போட்டால் ஆறு வாரம் வருகிறது. ஒரு நிமிடம் தொடாவிட்டால் தானாக அணைந்துவிடும். சூடேற்ற வேண்டிய தராசுக்கு இது என்ன புத்தி என்று தெரியவில்லை, அதனால் சூடேறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கவேண்டும். கிராம், கிரெய்ன், காரட், அவுன்ஸ் என்று எல்லாம் காட்டும், குன்றிமணி மட்டும் இல்லை. தட்டு மெல்லிய அலுமினியம், நெளிந்தால் ஒரு பக்கம் உரசி எடை குறைத்துக் காட்டும். மழைக்கால ஈரத்தில் பொத்தான் ஒட்டிக்கொள்கிறது, அரிசி டப்பாவில் ஒருநாள் வைத்தால் சரியாகிறது.

போன வாரம் மருமகன் கூப்பிட்டார். இந்தப் பருவத்துக்குப் பத்துக் குண்டும் சாஸரைவிட்டு இறங்கி நாணயத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டதாம். “அந்தக் குப்பையைத் தூக்கிப் போட்டாச்சா மாமா?” என்று கேட்டார். போடவில்லை, அதை வைத்துத்தான் உங்கள் மாமியார் நகைக்கடையை மிரட்டுகிறார் என்றேன். சிரித்துவிட்டு, மூடியின் கீல் பத்திரம், அது சீக்கிரம் உடையும் என்றார். அன்றைக்குச் சாயங்காலமே உடைந்துவிட்டது. சோடி கிடைக்காமல் மிஞ்சிய ரப்பர் பட்டை ஒன்றால் இப்போது சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன். 1.79, அந்தப் பழைய வலது.